இணையதளங்களை உரிமையாளரிடமே நேரடியாக வாங்கி விற்பது: லாபம் எங்கே, வில்லங்கம் எங்கே

கேள்வி சுருக்கமாக இது: ஃப்ளிப்பா போன்ற பொதுச் சந்தைகளில் நல்ல தளம் ஒன்று வந்தால் போட்டியில் விலை ஏறிவிடுகிறது. அதனால், விற்பனைக்கு என்று அறிவிக்கப்படாத தளங்களைத் தேடிப்பிடித்து, உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி வாங்கி, சில மாதம் வைத்திருந்து விற்று லாபம் பார்க்க முடியுமா? கையில் ஐந்து லட்சம் ரூபாய் இருக்கிறது, தளம் உருவாக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் ஓரளவு தெரியும், எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் லாபம் எதிலிருந்து வருகிறது என்பது தெளிவாக இல்லாமல் இறங்கினால் கைப்பணம் கரையும். தளத்தை வாங்கி, நான்கு கட்டுரை சேர்த்து, வடிவமைப்பை மாற்றினால் வருமானம் இரட்டிப்பாகும் என்ற நம்பிக்கையில்தான் பலர் வருகிறார்கள். அப்படியும் நடப்பதுண்டு, அதை நம்பித் தொழில் செய்ய முடியாது. நேரடிக் கொள்முதலில் விலை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம், அந்தத் தளத்தின் வருமானமும் உரிமையும் யாரும் சரிபார்க்கக்கூடிய நிலையில் இல்லை என்பதுதான். உரிமையாளர் கணக்கு எழுதியிருக்க மாட்டார். எது எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது அவருக்கே நினைவிருக்காது. பத்திரம் சிக்கலான மனையை வாங்கி, வில்லங்கம் தீர்த்து, பட்டா மாற்றி விற்பவர் செய்யும் வேலையைத்தான் நீங்களும் செய்யப்போகிறீர்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசம் பெரும்பாலும் அந்த வேலைக்கான கூலிதான்.

எண்களில் பார்ப்போம். உள்ளடக்கத் தளங்களின் விலை, மாத நிகர லாபத்தின் மடங்காகப் பேசப்படுகிறது. 2021-ஐ ஒட்டிய காலத்தில் 35, 40 மடங்குக்குக் கூட விற்றன. கூகுள் தேடலை மட்டும் நம்பியிருக்கும் சிறு தளங்களுக்கு இன்று அந்த விலை இல்லை. 20 முதல் 30 மடங்கு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பு. மாதம் 8,000 ரூபாய் நிகரமாகத் தரும் தளம் ஒன்றை நேரடியாகப் பேசி 18 மடங்குக்கு, அதாவது 1,44,000 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள் என்று கொள்வோம். எட்டு மாதம் வைத்திருக்கிறீர்கள். வருமானம் 64,000, நீங்கள் கூடுதலாக ஹோஸ்டிங்குக்கும் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் சேவை) எழுத்துக்கும் போட்ட செலவு 20,000. பிறகு 30 மடங்குக்கு, 2,40,000 ரூபாய்க்கு விற்று, தரகு 15 சதவீதம் போக 2,04,000 பெறுகிறீர்கள். வரிக்கு முன் மிச்சம் 1,04,000 ரூபாய்.

இதே தளத்தின் வருமானம் எட்டு மாதத்தில் படிப்படியாக 5,000-க்கு இறங்கிவிட்டால் என்ன ஆகும்? சரிந்துகொண்டிருக்கும் தளத்துக்கு யாரும் 30 மடங்கு தரமாட்டார்கள். 22 மடங்கு கிடைத்தாலும் 1,10,000. தரகு போக 93,500. இடையில் வந்த வருமானம் சராசரி 6,500 வீதம் 52,000, செலவு போக 32,000. ஆகக் கைக்கு வருவது 1,25,500. நட்டம் 18,500 ரூபாய். வருமானம் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான்; அதற்குள் லாபம் முழுதும் போய், முதலிலும் கை வைத்துவிட்டது. ஆகவே, வாங்கும்போது "இது ஏறுமா" என்பதைவிட "இது இன்னும் ஓராண்டு இதே இடத்தில் நிற்குமா" என்பதே முதல் கேள்வி.

எப்படிப்பட்ட தளத்தைத் தேடுவது என்பதும் இதிலிருந்தே வருகிறது. ஒருவர் ஆர்வத்தில் தொடங்கி, ஏழெட்டு ஆண்டு எழுதி, பிறகு வேலை, குடும்பம், சலிப்பு என்று ஏதோ காரணத்தால் விட்டுவிட்ட தளம். எழுதுவது நின்று ஓராண்டு ஆகியும் வாசகர் வரத்துக் குறையாத தளம். தையல் அளவுகள், பழைய கேமரா பழுதுபார்ப்பு, மீன்தொட்டி பராமரிப்பு, குறிப்பிட்ட ஒரு மென்பொருளின் சூத்திரங்கள் போன்ற, ஆண்டுக்கு ஆண்டு மாறாத பொருள்களைப் பற்றியவை இந்த வகையில் நன்றாக நிற்கும். கைப்பேசி விமர்சனம், தேர்வு முடிவு, சினிமாச் செய்தி ஆகியவை அன்றாடம் தீனி கேட்பவை. எழுதுபவர் நிறுத்திய மறுமாதமே வரத்து விழுந்துவிடும்.

தமிழ்த் தளங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தளங்களில் விளம்பரம் இட்டு, வருமானத்தில் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் தமிழை ஆதரிக்கத் தொடங்கியது 2018-இல்தான். அதற்கு முன் எழுதப்பட்ட நல்ல வலைப்பூக்கள் பல, விளம்பரமே இல்லாமல், கூகுளின் இலவச வலைப்பூச் சேவையான பிளாகரில் அப்படியே கிடக்கின்றன. உரிமையாளர்களை அணுகுவதும் எளிது. ஆனால் தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விளம்பர விலை குறைவு. அதைவிடப் பெரிய தடை, பொதுச் சந்தையில் வாங்க வருபவர்களில் பெரும்பாலானோருக்குத் தமிழ் படிக்க வராது என்பது. படிக்க முடியாத சரக்குக்கு அவர்கள் விலை வைப்பதில்லை. தமிழ்த் தளத்தை வாங்குவதானால், அதை மறுபடி வாங்கக்கூடிய இன்னொரு தமிழ்த் தள உரிமையாளர் யார் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

தேடும் முறைக்கு ரகசியம் எதுவும் இல்லை, பொறுமைதான் வேண்டும். ஒரு துறையை எடுத்துக்கொண்டு, அத்துறையில் மக்கள் கேட்கக்கூடிய நீளமான கேள்விகளைக் கூகுளில் இட்டு, முதல் பக்கத்தோடு நிறுத்தாமல் மூன்றாம் நான்காம் பக்கம் வரை போய்ப் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் தளங்களுக்கு நடுவே தனிமனிதர் ஒருவர் நடத்தும் தளம் எட்டிப்பார்க்கும். அடிக்குறிப்பில் காப்புரிமை ஆண்டு பழையதாகவே நிற்பது, கடைசிப் பதிவுக்கு ஓராண்டுக்கு மேலாகியிருப்பது, வாசகர் கருத்துகளுக்குப் பதில் இல்லாமல் கிடப்பது, கைப்பேசியில் எழுத்து ஒழுங்காக வராமல் இருப்பது ஆகியவை உரிமையாளர் ஒதுங்கிவிட்டதன் அடையாளங்கள். ஏரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கருவிகளில் அந்தத் தளத்தின் வரத்து வரைபடத்தைப் பாருங்கள். எண்களை நம்ப வேண்டாம், அவை மதிப்பீடுகளே. கோட்டின் போக்கை மட்டும் கவனியுங்கள்.

அந்தக் கோட்டில் குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. 2023 செப்டம்பரில் கூகுள் கொண்டுவந்த உள்ளடக்கத் தர மாற்றமும், 2024 மார்ச்சில் வந்த பெரும் மாற்றமும் ஆயிரக்கணக்கான சிறு தளங்களின் வரத்தைத் துடைத்துவிட்டன. அந்தச் சரிவில் விழுந்தவர்களில் பலர் இன்று மலிவு விலைக்குத் தரத் தயாராக இருக்கிறார்கள். "மறுபடி எழுந்துவிடும்" என்று நம்பி அவற்றை வாங்குவது சூதாட்டம். எழுந்தவை மிகச் சில. அந்த இரண்டு இடங்களையும் தாண்டிக் கோடு சமமாகப் போயிருக்கிறதென்றால், அது பேசத்தக்க தளம்.

ஒரு சிறிய கோப்பை இங்கே சொல்ல வேண்டும். விளம்பரம் காட்டும் தளங்கள் பெரும்பாலும் "ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி" (ads.txt) என்ற கோப்பை வெளிப்படையாக வைத்திருக்கும். தளமுகவரியோடு ஒரு சாய்கோடும் அந்தப் பெயரும் சேர்த்து உலாவியில் திறந்தால், யாருடைய ஆட்சென்ஸ் கணக்கு எண்ணின் கீழ் விளம்பரம் ஓடுகிறது என்பது தெரியும். அதே எண் வேறு தளங்களிலும் இருந்தால் அவையும் அவருடையவையாக இருக்கலாம். இதனால் இரண்டு நன்மை. ஒன்று, அவரிடம் விற்கக்கூடிய வேறு தளங்கள் இருக்கின்றனவா என்பது தெரிகிறது. இரண்டு, அதே பொருளில் அவர் இன்னொரு தளம் நடத்தினால், இதை உங்களிடம் விற்றுவிட்டு வாசகர்களை அங்கே இழுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருக்கிறது என்ற எச்சரிக்கையும் கிடைக்கிறது.

உரிமையாளரைக் கண்டுபிடிப்பது முன்பு எளிதாக இருந்தது. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப்பெயர், யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஹூயிஸ் பதிவேட்டில் பெயரும் மின்னஞ்சலும் இருக்கும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் 2018 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன. டாட் காம் போன்ற பொது நீட்சிகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஹூயிஸின் இடத்தை ஆர்டாப் என்ற முறை எடுத்துக்கொண்டது. பெயர் கிடைக்காவிட்டாலும் டொமைன் பதிவான தேதி கிடைக்கும். அது பின்னால் உதவும். உரிமையாளரை அடைய, தளத்தின் தொடர்புப் படிவம், "எங்களைப் பற்றி" பக்கம், பதிவுகளுக்குக் கீழே உள்ள எழுத்தாளர் பெயர் ஆகியவையே போதும்.

முதல் கடிதம் குறுகியதாக இருக்கட்டும். ஏறத்தாழ இப்படி எழுதலாம்: "வணக்கம். உங்கள் தளத்தில் பழைய தையல் இயந்திரங்களின் ஊசி அளவுகளைப் பற்றிய பக்கங்களைப் படித்தேன். நான் சிறு தளங்களை வாங்கிப் பராமரித்து விற்கும் தொழில் செய்கிறேன். சில காலமாகப் புதிய பதிவுகள் இல்லாததைக் கவனித்தேன். தளத்தைக் கைமாற்றும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் பேச விரும்புகிறேன்; இல்லையென்றால் இந்தக் கடிதத்தை மறந்துவிடுங்கள்." இவ்வளவுதான். விலை பேசக் கூடாது. ஒரே வாசகத்தை நூறு பேருக்கு அனுப்பியது போன்ற தோற்றம் கூடாது. அவர்கள் தளத்தில் உண்மையிலேயே உள்ள ஒரு பக்கத்தைக் குறிப்பிட வேண்டும். பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கு மேல் தொல்லை.

மறுவிற்பனைக்காக வாங்குவதை ஏன் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். வாசகர் போல நடித்து, "என் மகளுக்காகக் கேட்கிறேன்" என்றெல்லாம் கதை கட்டி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். நேர்மை ஒருபுறமிருக்க, இதில் நடைமுறை இழப்பும் உண்டு. வாங்கிய பிறகும் சில மாதங்களுக்கு அந்த உரிமையாளரின் உதவி உங்களுக்குத் தேவைப்படும்: மறந்துபோன கடவுச்சொல், ஒரு கட்டுரையை எழுதியவரின் ஒப்புதல், நிலுவைத் தொகை பற்றிய விளக்கம். மூன்றாம் மாதம் தளம் சந்தையில் விற்பனைக்கு நிற்பதைப் பார்த்து, ஏமாற்றப்பட்டோம் என்று உணர்ந்தவர் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

அவர் பேச ஒப்புக்கொண்டால், விலை பேசுவதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும்.

வருமானத்துக்கான சான்றாகக் கணினித் திரையைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அதற்கு மதிப்பு இல்லை. உலாவியிலேயே எந்த எண்ணையும் நொடியில் மாற்றிப் படம் பிடிக்கலாம். காணொலி அழைப்பில் திரையைப் பகிரச் சொல்லுங்கள். ஆட்சென்ஸ் பக்கத்தைத் திறந்தவுடன், பக்கத்தை ஒருமுறை புதுப்பிக்கச் சொல்லுங்கள். மாற்றி வைத்த எண்ணாக இருந்தால் அப்போது பழைய நிலைக்கு வந்துவிடும். அடுத்து, அறிக்கையைத் தளவாரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே கணக்கில் மூன்று தளங்கள் ஓடும்; உரிமையாளர் மொத்தத் தொகையைக் காட்டி இது இந்தத் தளத்தின் வருமானம் என்பார். வேண்டுமென்றே அல்லாமல், பிரித்துப் பார்க்கத் தெரியாமலும் அப்படிச் சொல்வதுண்டு. பிறகு பணம் வந்த பக்கத்துக்குப் போய், ஆட்சென்ஸ் மாதந்தோறும் 21-க்கும் 26-க்கும் இடையில் அனுப்பிய தொகைகளை அவருடைய வங்கி வரவோடு ஒப்பிடுங்கள். செல்லாத சொடுக்குகளுக்காகக் கூகுள் பிடித்தம் செய்த தொகை ஏதாவது இருந்தால் அங்கேதான் தெரியும். பிடித்தம் மாதந்தோறும் பெரிதாக இருந்தால் வரத்தில் ஏதோ கோளாறு என்று பொருள்.

தளத்துக்கு வருபவர்களை எண்ணும் அனலிடிக்ஸ், தேடலில் தளத்தின் நிலையைக் காட்டும் சர்ச் கன்சோல் என்று கூகுளின் கருவிகள் இரண்டு உண்டு. வரத்தைச் சரிபார்க்க, அனலிடிக்ஸைவிடச் சர்ச் கன்சோல் நம்பகமானது. அனலிடிக்ஸுக்குள் பொய்யான வருகைகளைத் திணிப்பது எளிது. சர்ச் கன்சோல் காட்டுவது கூகுள் தன் தேடல் பக்கத்தில் தானே எண்ணியது. பார்வையாளர் அனுமதியைக் கேட்டு வாங்குங்கள். தருவதால் அவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதில் 16 மாதக் கணக்கு கிடைக்கும். தேடல் வழியாக வந்தவர்கள் என்று அனலிடிக்ஸ் சொல்லும் எண்ணும் சர்ச் கன்சோல் சொல்லும் சொடுக்குகளும் துல்லியமாக ஒத்துப்போகாது. ஆனால் ஒன்று மற்றொன்றின் இருமடங்காக இருந்தால் விளக்கம் கேளுங்கள். நாடுவாரி அட்டவணையையும் பாருங்கள். "அமெரிக்க வாசகர்கள்" என்று விலை சொன்ன தளத்தில் சொடுக்குகளில் பெரும்பகுதி வேறு நாடுகளிலிருந்து வந்தால், ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்ற கணக்கும் பொய்யாகிவிடும். பிறகு, மொத்தச் சொடுக்கில், அதிகச் சொடுக்கு வாங்கும் பக்கம் எத்தனை சதவீதம் கொண்டுவருகிறது என்று பாருங்கள். ஒரே பக்கம் பாதிக்கு மேல் தருகிறதென்றால் நீங்கள் வாங்குவது தளமல்ல, ஒரு பக்கம். கூகுள் தேடலின் உச்சியில் செயற்கை அறிவு எழுதும் சுருக்கம் இந்தியாவிலும் 2024 முதல் வந்துவிட்ட நிலையில், ஒரே வரியில் பதில் முடிந்துவிடும் கேள்விகளை நம்பியிருக்கும் பக்கங்கள் மெல்லத் தேய்கின்றன. பார்வைப் பதிவுகள் (பக்கம் தேடலில் தோன்றும் எண்ணிக்கை) குறையாமல் சொடுக்குகள் மட்டும் குறைவது அதன் அடையாளம். இறுதியாக, சர்ச் கன்சோலில் "கைமுறை நடவடிக்கை" (கூகுள் விதித்த தண்டனை), "பாதுகாப்புச் சிக்கல்" என்ற இரண்டு பக்கங்களும் காலியாக இருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

அமேசான் இணைப்புக் கமிஷனில் (தளத்தில் உள்ள இணைப்பு வழியே பொருள் வாங்கப்பட்டால் தளக்காரருக்குக் கிடைக்கும் பங்கு) ஓடும் தளமானால் இன்னொரு ஆபத்து. 2020 ஏப்ரலில் அமெரிக்க அமேசான் ஒரே அறிவிப்பில் அறைகலன் வகைக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தது. அந்தக் கமிஷனையே நம்பியிருந்த தளங்களுக்கு ஒவ்வொரு விற்பனையிலும் வரும் தொகை பாதிக்குக் கீழே போனது. வருமானம் ஒரே நிறுவனத்தின் ஒரே விதியில் தொங்குகிறதென்றால் மடங்கைக் குறையுங்கள்.

தளத்தின் முன்கதைக்கு, பழைய இணையப் பக்கங்களைப் படமாகச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின். ஆண்டுக்கு ஒரு படமாவது திறந்து பாருங்கள். "2009 முதல் நடத்துகிறேன்" என்பவரின் டொமைன் பதிவுத் தேதி 2021 என்று இருந்தால், பழைய டொமைன் காலாவதியாகிக் கைவிடப்பட்டு மறுபடி எடுக்கப்பட்டிருக்கலாம். இடையில் அது சூதாட்டப் பக்கமாக ஓடியிருக்கலாம். காலாவதியான டொமைனின் பழைய பெயரைப் பயன்படுத்தித் தேடலில் ஏற முயல்வதைக் கூகுள் 2024 மார்ச்சில் வெளிப்படையாகவே முறைகேடு என்று வகைப்படுத்திவிட்டது. அதேபோல, டொமைனின் பெயரில் பிறருடைய வணிகச்சின்னம் இருந்தால் தொடவே வேண்டாம். டொமைன் தகராறுகளுக்கான யுடிஆர்பி என்ற தீர்வுமுறையில், அல்லது டாட் இன் நீட்சியாக இருந்தால் ஐஎன்டிஆர்பி முறையில், இழப்பீடு எதுவும் இல்லாமல் அது கையைவிட்டுப் போய்விடலாம்.

உள்ளடக்கத்தின் உரிமை பலரும் தாண்டிப்போகும் இடம். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, எழுதியவரே முதல் உரிமையாளர். ஊழியராக இருந்து வேலையின் பகுதியாக எழுதியிருந்தால்தான் முதலாளிக்குப் போகும். தளக்காரர் பக்கத்துக்கு முந்நூறு ரூபாய் கொடுத்து வெளியாள்களிடம் எழுதி வாங்கியிருந்து, எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லையென்றால், அந்தக் கட்டுரைகள் விற்பதற்கு அவருடையவையே அல்ல என்று வாதிட இடமிருக்கிறது. சட்டத்தின் 19-ஆம் பிரிவு இன்னும் நுட்பமானது: உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு மட்டுமே செல்லும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். ஆகவே ஒப்பந்தத்தில் "காப்புரிமைக் காலம் முழுமைக்கும், உலகம் முழுவதற்கும்" என்ற சொற்கள் இருந்தே ஆக வேண்டும். இணையத்தில் கிடைத்த மாதிரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சட்டத்துக்காக எழுதப்பட்டவை. அவற்றில் இந்த வரி இருக்காது. படங்களையும் பத்து பதினைந்து எடுத்துக் கூகுள் படத்தேடலில் இட்டுப் பாருங்கள். விலைக்கு விற்கும் படக் களஞ்சியத்திலிருந்து எடுத்த படம் இருந்தால், அதற்கான கோரிக்கைக் கடிதம் புதிய உரிமையாளரான உங்களுக்குத்தான் வரும்.

விலை பேசும்போது, அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலோருக்கு ஒரு தொகை மனத்தில் இருக்கும். அது உங்கள் கணக்கைவிடக் குறைவாகவும் இருக்கலாம், பத்து மடங்காகவும் இருக்கலாம். பத்து ஆண்டு உழைப்பு என்ற வாதத்துக்குப் பதில் வாதம் செய்யாதீர்கள்; கணக்கை அப்படியே அவர் முன் வையுங்கள். இழுபறி நின்றால், தொகையைக் குறைப்பதைவிடப் பகுதியாகக் கொடுப்பது நல்ல வழி: ஒப்படைக்கும்போது 80 சதவீதம், தொண்ணூறு நாள் கழித்து மீதம். அந்த மீதத் தொகை இருக்கும்வரை அவர் உங்கள் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவார்.

பணத்தை நேரடியாக அனுப்ப வேண்டாம். அவரும் பணமின்றி டொமைனைத் தரமாட்டார். மூன்றாம் தரப்பிடம் பணத்தை நிறுத்திவைக்கும் எஸ்க்ரோ முறை அதற்குத்தான். இத்துறையில் 1999 முதல் இருக்கும் எஸ்க்ரோ டாட் காம் பரவலாகப் பயன்படுகிறது. விற்பவர் "எனக்குத் தெரிந்த எஸ்க்ரோ" என்று வேறொரு முகவரியை அனுப்பினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். போலி எஸ்க்ரோ தளங்கள் இத்தொழிலின் பழைய மோசடி. உரிமையாளர் வெளிநாட்டவர் என்றால், வங்கி, பணம் எதற்காகப் போகிறது என்று சொல்லும் நோக்கக் குறியீடும், விலைப்பட்டியலும், வரிப் பிடித்தம் பற்றிய ஆவணங்களும் கேட்கும். பேரம் முடிவதற்கு முன்பே உங்கள் ஆடிட்டரிடம் பேசிவைப்பது நல்லது.

ஒப்படைக்கும் நாளில் வரிசை முக்கியம். முதலில் தளத்தின் முழு நகலை, தரவுத்தளத்தோடு, உங்கள் ஹோஸ்டிங்கில் ஏற்றி ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு டொமைன். ஒரே பதிவு நிறுவனத்துக்குள் அவருடைய கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்குத் தள்ளுவது மிக எளிது. பெரும்பாலும் அன்றே முடியும். வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதானால் பூட்டைத் திறந்து, அங்கீகாரக் குறியீடு வாங்கி, ஐந்து நாள் வரை காத்திருக்க வேண்டும். உரிமையாளர் விவரம் மாறியதும் அடுத்த நிறுவனத்துக்கு மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழக்கூடும். இரண்டு மாதத்தில் விற்க நினைப்பவர் இதை அறியாமல் வாங்குபவரிடம் தேதி சொல்லிவிட்டு விழிப்பதுண்டு. டொமைன் உங்கள் பெயரில் வந்த பின் அதன் பெயர்வழிகாட்டிகளை (முகவரியைத் தளம் இருக்கும் இடத்தோடு இணைக்கும் நேம்சர்வர்கள்) உங்கள் ஹோஸ்டிங்குக்குத் திருப்புங்கள். அடுத்து வேர்ட்பிரஸில் நிர்வாகிகள் பட்டியலைத் திறந்து, உங்களைத் தவிர எல்லோரையும் நீக்குங்கள். செருகுநிரல்களில் உரிமம் அவர் பெயரில் உள்ளவை எவை என்று எழுதிக்கொள்ளுங்கள். சர்ச் கன்சோலில் உரிமையாளராக உங்களைச் சேர்த்து, அவருடைய சரிபார்ப்புக் குறியீட்டை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் அவர் மறுபடி உள்ளே வரலாம். இவையெல்லாம் முடிந்து, எஸ்க்ரோ கொடுத்த ஆய்வுக்காலமும் பார்த்த பிறகே பணத்தை விடுவியுங்கள்.

ஆட்சென்ஸ் கணக்கு தளத்தோடு வராது. உங்கள் கணக்கில் தளத்தைச் சேர்த்து ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குச் சில நாளிலிருந்து சில வாரம் ஆகும். அதுவரை விளம்பர வருமானம் இல்லை என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் சந்தாதாரர் பட்டியல் இருந்தால், அவர்கள் ஒப்புதல் கொடுத்தது முந்தைய உரிமையாளருக்கே. ஐரோப்பிய வாசகர்கள் இருந்தால் இது சட்டச் சிக்கல். இந்தியாவிலும் 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. உரிமையாளரே கடைசிக் கடிதத்தில் கைமாற்றத்தை அறிவித்து, விலக விரும்புவோருக்கு வழி கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

வைத்திருக்கும் காலத்தில் தளத்தைத் தலைகீழாக மாற்றாதீர்கள். வேகத்தைச் சரிசெய்யுங்கள், உடைந்த இணைப்புகளைத் திருத்துங்கள், காலாவதியான தகவலைப் புதுப்பியுங்கள், இயந்திரத்தில் எழுதி நூற்றுக்கணக்கில் பக்கம் சேர்க்கும் ஆசையை அடக்குங்கள். உங்கள் முதன்மையான வேலை கணக்கு எழுதுவது: மாதவாரி வருமானம் ஆதாரத்தோடு, மாதவாரிச் செலவு ரசீதோடு, எழுத்தாளர் ஒப்பந்தங்கள் ஒரு கோப்பில், படங்களின் உரிமம் ஒரு கோப்பில். தரகர்கள் பொதுவாகப் பன்னிரண்டு மாத வருமானக் கணக்குக் கேட்பார்கள். முந்தைய உரிமையாளரிடம் வாங்கும்போதே கடந்த ஆண்டின் அறிக்கைகளைப் பதிவிறக்கி வாங்கியிருந்தால், எட்டு மாதத்திலேயே அந்தக் கேள்விக்கு உங்களால் பதில் சொல்ல முடியும்.

விற்கும்போது சந்தைக்குப் போவதற்கு முன், அதே துறையில் பெரிதாக நடத்தும் நான்கைந்து தளக்காரர்களுக்கு எழுதிப் பாருங்கள். தையல் கருவி விற்பவருக்கு அந்தத் தளத்தின் வாசகர்கள் விளம்பர வருமானத்தைவிட மதிப்புள்ளவர்கள், தரகும் மிச்சம். அது நடக்காவிட்டால்தான் ஃப்ளிப்பாவும் தரகர்களும்.

வரியைப் பொறுத்தவரை, ஒன்றை வாங்கி ஒன்றை விற்றுத் தொடர்ந்து செய்யும்போது அது வணிக வருமானமாகவே பார்க்கப்படும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். சேவைகளுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 20 லட்ச ரூபாய் விற்றுவரவு; லாபத்தை வைத்து அல்ல, முழு விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கு என்பதால், நினைப்பதைவிட வேகமாக எட்டிவிடும்.

உங்கள் ஐந்து லட்சத்தைப் பற்றி: முதல் தளத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல் போட வேண்டாம். ஐம்பதாயிரத்தைப் பராமரிப்புக்கும் எதிர்பாராத செலவுக்கும் தனியே வையுங்கள். மீதியைத் தொடாதீர்கள். வாங்கிய தளத்தின் வருமானம் உங்கள் சொந்தக் கணக்கில் மூன்று மாதம் தொடர்ந்து வரவாகி, அது விற்பவர் காட்டிய எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்த பிறகே அடுத்த உரிமையாளருக்குக் கடிதம் எழுதத் தொடங்குங்கள்.